முதிய கால்நடைகளுக்கு ஒரு காப்பகம்: அன்றாட இன்பமும் இடரும்

நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏர்மாடுகளின் வேலையை உழவு இயந்திரம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மடுகரை, கரியமாணிக்கம், பண்டசோழநல்லூர் முதலிய ஊர்களில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் நம் அங்கத்தினர்களிடத்தும், தறி வீட்டுக் கொல்லையில் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் நெசவாளர் குடும்பங்களிடத்தும் இன்று காணப்படுபவை பெரும்பாலும் கறவை மாடுகளே. பால் உள்ள வரையில் பசுவுக்குத் தீவனமும் உண்டு, வைத்தியமும் உண்டு, பாலை வாங்கிக்கொள்ளும் சங்கமும் உண்டு. பால் வற்றிச் சினையும் பிடிக்காமற் போனபின் அதன் கதி யாது? கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்றுக்கு உழவுமில்லை, வண்டியுமில்லை; அதன் கதி யாது? சாலையோரத்தில் குப்பையைக் கிளறி நிற்கும் மாடுகளே இவ்வினாவுக்கு விடையாக நிற்கின்றன.

இத்தகைய கால்நடைகளுக்கென்று ஒரு காப்பகம் நடத்துவது பற்றி அங்கத்தினர் பலர் பேசி வருகின்றனர். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் இரக்கம் ஒன்றையே முதலாகக் கொண்டு தொடங்கும் காப்பகம் நெடுநாள் நில்லாது. அதன் அன்றாட நடைமுறை, செலவு, இடர், இன்பம் ஆகியவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

முன்னோடிகள்

முதிர்ந்த கால்நடைகளைக் காக்கும் நிலையங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. வடநாட்டில் ‘பிஞ்சராபோல்’ என வழங்கும் இந்நிலையங்களில் பம்பாயில் உள்ளது 1834-இல் நிறுவப்பெற்றது. சென்னை அயனாவரத்திலுள்ள பிஞ்சராபோல் 1906-இல் தோன்றி, நூறாண்டைக் கடந்தும் நடைபெற்று வருகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அம்மையாரே முதல் தலைவர். வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாடுமாறு கைவிடுதல் குற்றம் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. இதனை நம்மிற் பலர் அறிந்திலர்.

மேல்நாட்டார் இம்முயற்சியில் பின்னரே இறங்கினர். அமெரிக்காவில் 1986-இல் தொடங்கப்பெற்ற ‘பார்ம் சாங்க்சுவரி’ என்னும் நிலையம், கால்நடைச் சந்தையில் செத்தவற்றோடு குவித்தெறியப்பட்டிருந்த ஓர் ஆடு உயிருடன் இருப்பதைக் கண்டு எடுத்து வந்ததில் வேர்கொண்டது.

மந்தைக் கணக்கும் காப்பகக் கணக்கும்

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில், நந்தா விளக்கு எரிப்பதற்கு 90 ஆடு, 96 ஆடு என்று நிவந்தம் அளித்த செய்திகள் பல உள. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ? ஈன்ற குட்டிகளைச் சேர்த்தும், இறந்தவற்றையும் முதிர்ந்தவற்றையும் கழித்தும், மந்தையின் தொகை குன்றாமல் இடையர் காத்து வந்தனர் என்பதே அதன் பொருள். ஆடு முதிர்ந்தது, மந்தை முதிரவில்லை. இன்றைய பால் பண்ணையின் கணக்கும் இதுவேயாகும்.

காப்பகத்தின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கே கழித்தல் என்பது இல்லை. வந்த மாடு வந்த நாள் முதல் முதிர்ந்துகொண்டே இருக்கும். திருவண்ணாமலை இரமணாசிரமத்துக்கு 1926-இல் தாயுடன் கன்றாக வந்த லட்சுமி என்னும் பசு 1948 ஜூன் 18-ஆம் நாள்தான் மறைந்தது. அதன் சமாதியை இன்றும் அங்கே காணலாம். நன்கு பேணப்பட்ட பசு 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். பத்து வயதில் பால் வற்றிய பசுவை ஏற்றுக்கொள்ளும் சங்கம், மேலும் பத்தாண்டுத் தீவனத்துக்கு உறுதி கூறுகிறது என்பதை உணர்தல் வேண்டும்.

இருபது மாடுகள் கொண்ட காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். கறவையில்லாத நடுத்தர மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ வைக்கோல், 10 கிலோ பசுந்தீவனம், 1 கிலோ தவிடு புண்ணாக்குக் கலவை, 40 லிட்டர் தண்ணீர் ஆகியவை தேவை. கோடையில் தண்ணீர் இன்னும் மிகும். இருபது மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 கிலோ வைக்கோல். ஆண்டுக்கு 36,500 கிலோ. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று கொண்டால், 18 ஏக்கருக்கு மேற்பட்ட நெல் வயலின் ஒரு போக வைக்கோல் இதற்கு வேண்டும். கோ-5 கம்பு நேப்பியர்ப் புல்லைப் பாசன வசதியுள்ள அரை முதல் முக்கால் ஏக்கரில் பயிரிட்டால் பசுந்தீவனம் கிடைத்துவிடும். கூரையின் கீழ் மாடு ஒன்றுக்கு 3.5 சதுர மீட்டரும், வெளியே உலாவ அதைப்போல் இரு மடங்கும் இடம் வேண்டும். முழு நேர ஆட்கள் இருவரேனும் தேவை. கட்டுத்தறிக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது.

அன்றாடப் பணி

விடியுமுன் கொட்டிலைச் சுற்றி வந்து, எந்த மாடு எழவில்லை, எது அசை போடவில்லை, எதன் மூக்கு ஈரமின்றி உலர்ந்திருக்கிறது என்று பார்த்தலே முதற்பணி. மாடு தன் நோயை வாய்விட்டுக் கூறாது. தீவனத் தொட்டியில் மிஞ்சிய வைக்கோலே அது எழுதும் கடிதம். பின்னர்ச் சாணம் அள்ளுதல், தொட்டி கழுவுதல், தீவனம் இடுதல் ஆகியவை நடைபெறும். முதிய மாட்டின் பற்கள் தேய்ந்திருக்குமாதலால் வைக்கோலை நறுக்கியே போடுதல் வேண்டும். வலிய மாடு மெலிந்ததை முட்டித் தள்ளும். ஆதலின் மெலிந்தவற்றுக்குத் தனிவரிசை வேண்டும். வேலை செய்யாத மாட்டின் குளம்பு தேயாமல் வளர்ந்து நடையைக் கெடுக்கும். அதனைக் காலந்தோறும் சீவிவிடுதல் அவசியம்.

வெறும் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாட்கள் வைத்திருந்தால் அது எளிதில் செரிக்கும் தீவனமாக மாறும். எடுத்தவுடன் சற்று நேரம் காற்றாட விட்டுக் கொடுக்க வேண்டும். இளங்கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசலையோ யூரியாவையோ மாடு நேரே உண்டால் நஞ்சாகும். ஆகவே அவற்றைப் பூட்டி வைப்பது கடமை.

இடர்கள்

முதலாவது இடர் அன்பினாலேயே விளைவது. மாட்டுப் பொங்கலன்றும் திருமணங்களின் மறுநாளும் அன்பர்கள் பொங்கலையும் மிஞ்சிய சோற்றையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து ஊட்டுவர். மிகுந்த சோறு மாட்டின் முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகிறது. வயிறு உப்பி, மாடு ஓரிரு நாளில் மடிவதும் உண்டு. கொடுப்பவர் மனம் நோகாமல் கூடையை வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பிடி அளவே மாட்டுக்குக் காட்டும் சாமர்த்தியம் காப்பாளருக்கு வேண்டும்.

இரண்டாவது, தெருவிலிருந்து வரும் மாட்டின் வயிறு. பிளாஸ்டிக் பைகளும் கயிறும் செரிக்காமல் உள்ளே திரண்டு கிடக்கும். அறுவை செய்து கிலோக் கணக்கில் எடுக்க நேரிடும். ஆணியோ கம்பியோ இருந்தால் அது இதயம் வரை குத்திச் செல்லும். தறியில் மிஞ்சிய கழிவு நூலையும் குப்பையில் எறியலாகாது என்பதை நெசவாள அன்பர்கள் மனத்திற்கொள்க.

மூன்றாவது, தொற்று நோய். புதிதாக வரும் மாட்டை மூன்று வாரங்களுக்கேனும் தனியே கட்டிப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். கோமாரிக்கு ஆண்டில் இரு முறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019 முதல் நடைபெறுகிறது. 12 இலக்க எண் கொண்ட காதுவில்லையை மாட்டுக்கு இட்டுப் பதிந்துகொள்ளுதலும் வேண்டும். 2022-இல் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பல்லாயிரம் மாடுகளை மாய்த்த தோல் கழலை நோய், ஈயும் கொசுவும் பரப்புவது. கொட்டிலின் துப்புரவு எவ்வளவு முக்கியமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நம் கொம்யூனுக்கு அருகிலேயே குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரும் வாய்ப்பாகும்.

நான்காவது, மழை. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் புதுவையருகே கரையேறி ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் பொழிந்த ஃபெஞ்சல் புயலையும் நாம் மறப்பதற்கில்லை. வைக்கோற்போரை மேட்டில் அமைத்து மூடுதல், ஐப்பசிக்கு முன் இரு மாதத் தீவனம் சேமித்தல், வெள்ள அபாயம் தெரிந்தவுடன் தும்புகளை அவிழ்த்துவிடுதல் ஆகிய மூன்றும் மறவாமற் செய்யத்தக்கவை. கட்டிய மாடு நீந்தாது.

ஐந்தாவது, படுத்துவிட்ட மாடு. எழ இயலாத முதிய மாட்டை மணல் அல்லது வைக்கோல் மெத்தையில் கிடத்தி, சில மணிக்கொருமுறை புரட்டிவிட்டு, புண் வாராமல் காக்க நான்கு பேராவது வேண்டும். இது சில வேளை ஒரு மாதம் நீளும். பல வேளைகளில் மாடு எழாமலே போகும். கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்ட ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதும் காப்பகத்தின் பணியே. அதற்குரிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

யாவற்றினும் கடினமானது ‘இடமில்லை’ என்று சொல்வது. இருபதுக்கு இடமுள்ள கொட்டிலில் முப்பதை ஏற்றுக்கொண்டால் முப்பதும் மெலியும். வாயிலில் நிற்கும் இருபத்தோராவது மாட்டைத் திருப்பியனுப்புவது கல்நெஞ்சமன்று. உள்ளே உள்ள இருபதுக்கும் கொடுத்த வாக்கைக் காப்பதாகும். இதே காரணத்தால் காப்பகத்தில் இனப்பெருக்கமும் கூடாது. காளைகளுக்குக் காயடித்தலோ, தனியே வைத்தலோ கட்டாயம்.

இன்பங்கள்

இவ்வளவு இடரையும் ஏற்று இப்பணியில் நிற்போரைத் தாங்குவது எது? அடிபட்டு வந்த மாடு முதல் வாரம் கையைக் கண்டாலே பின்வாங்கும்; சில வாரங்களில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும்; பின்னர்க் கழுத்தைச் சொறியும்படி தானே நீட்டும். மூக்கணாங்கயிறு அகற்றப்பெற்ற எருது தலையைத் தாழ்த்தாமல் நடந்து வருவது காணத்தக்க காட்சி. ஒரே நுகத்தில் உழைத்த இணை மாடுகள் கட்டு இல்லாத போதும் அருகருகே படுக்கும். பால் வற்றிய பசு, தாயற்ற கன்றை நக்கிக் கொடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதும் உண்டு. பலன் கேளாமல் ஓர் உயிரை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு உழவனுக்கு இங்கேதான் கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் பயனும் இல்லாமற் போகவில்லை. பால் வற்றினாலும் சாணம் வற்றுவதில்லை. மாடு ஒன்றுக்கு நாளுக்கு 10 கிலோ என்றாலும் இருபது மாடுகள் 200 கிலோ தரும். 25 கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்குமாதலால், 8 கன மீட்டர் வாயு நாள்தோறும் உண்டாகும். சில குடும்பங்களின் அடுப்பு எரிய அது போதும். வாயு எடுத்தபின் எஞ்சும் கழிவு வயலுக்கு நல்லுரமாகும். இவ்வருவாய் முழுச் செலவையும் ஈடு செய்யாது. ஆனால் உதவியை எதிர்பார்த்தே நிற்கும் நிலையைக் குறைக்கும்.

நாம் செய்யத்தக்கது

இந்தச் சுமை தனியொருவர் தோளுக்குப் பெரிது, சங்கத்துக்குப் பெரிதன்று. கணக்கைப் பாருங்கள். நெல் விளைவிக்கும் ஒரு குடும்பம் போகத்துக்கு 30 கிலோவாக ஆண்டில் இரு போகத்துக்கும் 60 கிலோ வைக்கோல் கொடுத்தால், 30 குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாட்டின் ஓராண்டு வைக்கோலைக் கொடுத்தவர்கள் ஆகின்றனர். பிடியரிசி சேர்த்து அன்னமிட்ட நம் மக்களுக்குப் பிடி வைக்கோல் புதிய பாடமன்று. வயல் இல்லாத நெசவாளர் வாரத்தில் ஒரு வேளை உழைப்பைத் தரலாம். மாட்டை ஒப்படைப்பவர் தம்மால் இயன்ற மாதத் தொகையைப் பால் கறந்த காலத்திலேயே சங்கத்தில் சேர்த்து வரலாம்.

ஓராண்டுத் தீவனத்துக்குரிய தொகையும், தண்ணீரும், இரு ஆட்களும், மருத்துவர் உதவியும் உறுதியான பின்னரே முதல் மாட்டை ஏற்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து மாடுகள் போதும். ஐந்தை ஐந்தாண்டு காத்த சங்கம் இருபதைக் காக்கும் தகுதி பெறும். பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட உயிரிடத்தும் நன்றி மறவாமை கூட்டுறவின் அறம். அந்த அறத்தை வைக்கோல், நீர், உழைப்பு என்னும் கணக்கில் எழுதி, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பங்கை அடுத்த பொதுக்குழுவில் கூற முன்வருமாறு வேண்டுகின்றோம்.