தேவாலய வளாகத்தில் ஒன்பது கூடைகள்

அமெரிக்கச் சிற்றூர்களின் ஓரத்தில் பெரிய புல்வெளியோடு தனித்து நிற்கும் தேவாலயங்களை நிறையப் பார்க்கலாம். பெரும்பாலும் பின்னாளில் கட்டடத்தை விரிவுபடுத்தலாம் என்று வாங்கிப்போட்ட நிலம் அது. வார நாட்களில் புல் வெட்ட வருபவரைத் தவிர அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. அப்படிப்பட்ட பல வளாகங்களில் இப்போது இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். கம்பத்தின் உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன. அடியில் ஒரு கம்பிக் கூடை. டிஸ்க் கோல்ஃப் ஆடுவதற்கான ஏற்பாடு இது.

கோல்ஃப் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரிந்துவிடும். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. மொத்தத்தில் குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெல்வார்.

இந்த விளையாட்டு வேரூன்றக் காரணமானவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ எனும் பறக்கும் தட்டைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அங்கே இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சச்சரவு வரவே, தட்டைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையை உருவாக்கி, 1977இல் காப்புரிமை பெற்றார். 2002இல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள்.

தேவாலயத் திடல்கள் சிலவற்றை உருவாக்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் உச்சநிலையான ஈகிள் சாரணர் தகுதி வேண்டுமானால், 18 வயது நிறைவதற்குள் ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைத் தானே முன்னின்று நடத்தி முடிக்க வேண்டும். நன்கொடை திரட்டி, குழி தோண்டி, காங்கிரீட் கலந்து, கூடை நட்டுத் தருகிறார்கள். எவ்வளவு பெரிய பாடம்!

நீண்ட திடல்களில் பழகியவர்கள் சிலர், பெரும்பாலும் ஒன்பது கூடைகளே உள்ள இந்தக் குறுந்திடல்களைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல என்பேன். தொலைதூரத்துக்கான கூர்விளிம்புத் தட்டுக்கு நல்ல வேகம் வேண்டும். புதியவர் வீசினால் பாதி வழியிலேயே சாய்ந்து விழும். அறுபது, எழுபது மீட்டரில் கூடை இருந்தால் 'பட்டர்' எனும் மெதுவான தட்டு ஒன்றே போதும். வலக்கைக்காரர் புறங்கையாக வீசும் தட்டு, வேகம் தணியும்போது இடப்பக்கம் வளையும். அந்த வளைவைக் கணித்து வீசக் கற்பதுதான் ஆட்டத்தின் உயிர். அதைக் கற்க, பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கக்கூடிய குறுந்திடலைவிட ஏற்ற இடம் இல்லை.

என்னை அதிகம் கவர்வது வேறொன்று. இத்திடல்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. நீ எந்தச் சபை, எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. வேலிபோட்டுப் பூட்டிவைக்க முழு உரிமை உள்ள நிலத்தை, முன்பின் அறியாதவருக்கும் திறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு மாலை ஆடிப் பாருங்கள். ஆராதனை நேரத்திலும், திருமணமோ இறுதிச்சடங்கோ நடக்கும்போதும் தட்டை எடுக்காதீர்கள். கல்லறைப் பக்கமும் கண்ணாடி ஜன்னல் பக்கமும் வீசாதீர்கள். புதரில் யாருடைய தட்டாவது கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பின்புறம் பெரும்பாலும் உரியவரின் தொலைபேசி எண் எழுதியிருக்கும். கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.