மெல்லும் வேலையை யார் செய்கிறார்கள்?

பிரேசிலில் குடும்பங்கள் எதெதற்குச் செலவழிக்கின்றன என்று அரசு அவ்வப்போது கணக்கெடுக்கும். சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர் கார்லோஸ் மொண்டெய்ரோ அந்தக் கணக்குகளைப் புரட்டியபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. மக்கள் கடையில் சர்க்கரை, உப்பு, சமையல் எண்ணெய் வாங்குவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உடல் பருமனும் நீரிழிவும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. சர்க்கரை எங்கேயும் போய்விடவில்லை. பொட்டலமாக வீட்டுக்குள் வந்தது, இப்போது பிஸ்கட்டாகவும் குளிர்பானமாகவும் உருமாறி வருகிறது, அவ்வளவுதான்.

உணவைச் சத்தை வைத்து மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது இங்கிருந்துதான். 2009-இல் அவர் முன்வைத்து, பிறகு ‘நோவா’ என்று பெயர் பெற்ற வகைப்பாடு உணவை நான்கு கூறாகப் பிரிக்கிறது. அரிசி, பருப்பு, காய், பால், முட்டை, மீன் முதல் கூறு. எண்ணெய், உப்பு, சர்க்கரை, வெல்லம் போன்ற சமையல் துணைப் பொருள்கள் இரண்டாவது. முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்துச் செய்யும் ஊறுகாய், கருவாடு, பாலாடைக்கட்டி மூன்றாவது. நான்காவதுதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ‘மிகப் பதப்படுத்தப்பட்ட உணவு’. மைதா, பாமாயில், திரவ குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், பிரித்தெடுத்த புரதம் என்று தானியத்தையும் விதையையும் கூறுகூறாகக் கழற்றி, நிறமும் மணமும் குழைமமும் (எமல்சிஃபயர்) சேர்த்துத் தொழிற்சாலையில் மறுபடி கட்டியெழுப்பிய உணவு அது.

ஆகவே ‘பதப்படுத்துதல்’ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. உளுந்தை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைப்பதும், பாலை உறைகுத்துவதும், மோர் மிளகாயை வெயிலில் போடுவதும் பதப்படுத்தல்தான். அப்படிப் பார்த்தால் இட்லி மகா பதப்படுத்தப்பட்ட உணவு. கேள்வி நான்காவது கூறு பற்றியது மட்டுமே.

அது உடம்பை என்ன செய்கிறது? நெடுங்காலம் இதற்குப் பதில் ‘சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம், நார்ச்சத்து குறைவு’ என்பதோடு முடிந்துவிடும். தப்பில்லை, ஆனால் அரைப் பதில். மீதிப் பாதியைத் தேடிப் போனவர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால். நோவா வகைப்பாட்டில் பெரிய விஷயம் எதுவும் இருக்கும் என்று முதலில் நம்பாதவர்.

அவர் 20 பேரை பெதெஸ்டாவில் உள்ள ஆய்வு மருத்துவமனையில் 4 வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு. பாதிப் பேருக்கு அது முதலில், மீதிப் பேருக்கு இது முதலில். இரண்டு பக்கத்துத் தட்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, சோடியம், நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமமாக வைக்கப்பட்டன. பாக்கெட் பக்கம் நார்ச்சத்து பற்றாக்குறையாக இருந்ததால் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். தேவைக்கு மேலாகவே பரிமாறி, ‘வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள்.

2019-இல் முடிவு வெளியானது. பாக்கெட் உணவு உண்ட நாள்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொரு சேதி. எந்த உணவு ருசி என்று கேட்டபோது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆக ‘ருசியாக இருக்கிறது, அதனால் அளவு மீறுகிறோம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடவில்லை. வேகம்தான் வேறுபட்டது. பாக்கெட் உணவை அவர்கள் கண்கூடாக வேகமாகத் தின்றிருந்தார்கள்.

ஏன் வேகம்? பல்லுக்கு வேலை இல்லை. க்ரீம் பிஸ்கட்டை நாக்கில் வைத்து அண்ணத்தில் அழுத்தினாலே கரைந்துவிடும். சோளப் பஃப் வாய்க்குள் போனதும் காணாமல் போகும். மாவாக அரைத்து, வேகவைத்து, அழுத்திப் பொரித்து, நாம் மெல்ல வேண்டியதை எந்திரம் ஏற்கெனவே மென்று கொடுத்துவிட்டது. தண்ணீர்ப் பசையும் குறைவு. அதனால் கைப்பிடி அளவிலேயே ஏராளமான கலோரி அடங்கிவிடுகிறது. ‘போதும்’ என்று குடலிலிருந்து மூளைக்குப் போகும் தகவலோ மெதுவாகப் போவது. அது போய்ச் சேருவதற்குள் பாக்கெட் காலி.

இந்தச் சூட்சுமம் 1977-லேயே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்களுக்குத் தட்டுப்பட்டிருந்தது. அவர்கள் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுசாக, கூழாக, சாறாக. மாவுச்சத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. முழு ஆப்பிளைவிடச் சாறு 11 மடங்கு வேகத்தில் உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் அதைவிடக் கம்மி, சாறில் மிகக் கம்மி. கூழும் சாறும் உண்ட பிறகு இன்சுலின் கூடுதலாக ஏறி, சற்று நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரிந்தது. கூழில் கூட்டியதும் குறைத்ததும் எதுவும் இல்லை. ஆப்பிளின் உடற்கட்டைக் குலைத்தது மட்டும்தான் வித்தியாசம். சாறில் நார்ச்சத்தும் நீக்கப்பட்டிருந்தது. கரும்பைக் கடித்துத் தின்பவர் எத்தனை கணு தின்பார், கரும்புச் சாறு எத்தனை டம்ளர் இறங்கும் என்று யோசித்தால் ஆய்வகம் இல்லாமலே இது விளங்கும்.

இனி மற்றச் சங்கதிகள். உப்பு நமக்குத் தெரிந்த கதை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அதைத் தாண்டினால் இரத்த அழுத்தம். இந்த விஷயத்தில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அப்பளத்துக்கும் பாரம்பரியம் என்ற பெயரில் விலக்கு கிடையாது.

கொழுப்பில் மோசமானது டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாவது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்கி, மாரடைப்புக்கு வழி வைக்கும். வனஸ்பதியும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களும் நம் ஊரில் இதற்குப் பேர்போனவை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 தொடக்கத்திலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவை 2 சதவீதத்துக்குள் கட்டியிருக்கிறது. சட்டம் உண்மையாகவே உதவிய இடம் இது.

சாசேஜ், சலாமி, ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் ‘புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அதே பிரிவில் புகையிலையும் இருப்பதால் ‘சாசேஜும் சிகரெட்டும் ஒன்று’ என்று அப்போது வாட்ஸ்அப்பில் பறந்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. புகையிலையின் ஆபத்து பல மடங்கு பெரிது.

எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் குழைமங்களைப் பற்றி ஒரு சந்தேகம் வலுத்து வருகிறது. குடலின் உட்சுவரில் வழவழப்பான சளிப் படலம் ஒன்று உண்டு. பாக்டீரியாவைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவது அதுதான். 2015-இல் எலிகளுக்கு இரண்டு பிரபலமான குழைமங்களைக் கொடுத்துப் பார்த்தபோது பாக்டீரியா அந்தப் படலத்துக்குள் நெருங்கி வந்து, குடலில் மெல்லிய அழற்சி உண்டாகி, எடையும் கூடியது. பின்னர் மனிதர்களிடம் நடந்த ஒரு சிறு சோதனையில் சிலருக்குப் பாக்டீரியா இதேபோல் படலத்துக்குள் நெருங்கி வந்தது தெரிந்தது. தீர்ப்பு எழுத இது போதாது. நான் இதைக் குற்றப்பத்திரிகை நிலையில்தான் வைத்திருக்கிறேன்.

நீண்ட காலம் பலரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இவற்றுக்குப் பின்னணி. 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் இத்தகைய 45 தொகுப்பாய்வுகளை ஒன்றாக்கி ஒரு பெரும் மீளாய்வு வெளியிட்டது. மொத்தம் சுமார் 1 கோடிப் பேரின் தகவல்கள். இந்த வகை உணவு மிகுந்தவர்களிடம் இதய நோய் மரணம், இரண்டாம் வகை நீரிழிவு, மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. இங்கே ஒரு நிதானம் தேவை. சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால் ஒன்று விளைவது வேறு. பாக்கெட் உணவை நம்பி வாழ்பவருக்குத் தூக்கம், வருமானம், ஓய்வு எல்லாமே குறைவாக இருக்கக்கூடும். தவிர, நான்காம் கூறு முழுக்க ஒரே குட்டையில் ஊறிய மட்டையும் அல்ல. அமெரிக்காவில் நீரிழிவு பற்றி நடந்த ஆய்வில் சர்க்கரைப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும் ஆபத்தைக் கூட்டின, முழுத் தானிய ரொட்டியோ குறைந்த ஆபத்தோடு சேர்ந்து நின்றது. 2025-இல் இங்கிலாந்தில் 55 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், அரசின் சத்துணவு வழிகாட்டுதல்படி தேர்ந்தெடுத்த பாக்கெட் உணவிலும் எட்டு வாரத்தில் எடை சுமார் 1 சதவீதம் குறைந்தது. அதே வழிகாட்டுதலோடு வீட்டுச் சமையல் வகை உணவில் சுமார் 2 சதவீதம்.

கடையில் நின்றுகொண்டு என்ன பார்ப்பது? முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கே கோதுமைக் கதிரும் பசுமாடும் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் கிடைக்கும். எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. ‘ராகி பிஸ்கட்’ பட்டியலில் மைதா, சர்க்கரை, பாமாயிலுக்குப் பிறகு ராகி வந்தால் அது ராகி வாசனை பிடித்த மைதா பிஸ்கட். சோடியம் என்று மில்லிகிராமில் இருப்பதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு: 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, நாள் வரம்பில் பாதி. கோலா பானங்களில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். 300 மி.லி. பாட்டிலில் 30 கிராமைத் தாண்டும். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கோ நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024-இல் இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்பிலிருந்து மால்ட் பானங்களை நீக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்ல நேர்ந்தது அதனால்தான்.

கெவின் ஹாலின் ஆய்வறிக்கையில் பலர் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. நாளொன்றுக்கு 2,000 கலோரி கணக்கில், பாக்கெட் உணவுக்கு வாரம் 106 டாலர், மற்றதற்கு 151 டாலர். இது பொருள் வாங்கிய செலவு மட்டுமே. காய் நறுக்கி, வேகவைத்து, பாத்திரம் கழுவிய கைகளின் கூலி அதில் சேரவில்லை. நம் வீடுகளிலும் அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. காலை ஆறரைக்கு மில் பஸ் பிடிக்க வேண்டிய ஒரு பெண் தன் பிள்ளையின் டப்பாவில் நூடுல்ஸ் வைத்தால் அவளுக்குச் சத்துணவு வகுப்பு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க வேண்டியது, அதே அவசரத்தில் வேறென்ன கைக்கு எட்டும் என்பதை. முந்தின இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலைக்குக் குக்கர் போதும். வறுத்த வேர்க்கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் அடுப்பே வேண்டாம். கெட்டி அவலைக் களைந்து தயிரில் போட்டு மூடிவைத்தால், தலை பின்னி முடிப்பதற்குள் ஊறிவிடும்.