புகை சொல்லும் செய்தி

உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய ஓர் இயந்திரம். அதன் உருளையின் கொள்ளளவு 3.5 கன சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு தேக்கரண்டித் தண்ணீரைக்கூட அது முழுமையாகக் கொள்ளாது. ஆயினும், அது நிமிடத்திற்கு 30,000 முறைக்கு மேல் சுழலும் ஆற்றல் கொண்டது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 500 முறை அதனுள் எரிபொருள் தீப்பற்றுகிறது. மண்தடங்களில் சீறிப் பாயும் தொலைக்கட்டுப்பாட்டுப் பந்தய மகிழுந்துகளில் பொருத்தப்படும் நைட்ரோ இயந்திரம்தான் அது.

மின்கலத்தால் ஓடும் மகிழுந்தை விசையை அழுத்தியவுடன் ஓட்டிவிடலாம். நைட்ரோ மகிழுந்து அப்படிப்பட்டதன்று. அதன் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் சரிபார்த்து, எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை முறைப்படுத்த வேண்டும். இதை அறியாமல் வேகத்தை மட்டும் விரும்புவோர், புதிய இயந்திரத்தைச் சில நிமிடங்களிலேயே பாழாக்கிவிடக்கூடும். இதற்கான காரணம் எரிபொருளிலேயே இருக்கிறது.

எரிபொருளின் மூன்று பணிகள்

நைட்ரோ எரிபொருளில் மூன்று பொருள்கள் கலந்துள்ளன. அவை மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் என்பனவாகும். பொதுவாக, நைட்ரோமீத்தேன் 10 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ, இரண்டும் சேர்ந்தோ ஒரு சிறு பங்கு இருக்கும். எஞ்சியது மெத்தனால்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4 கிலோகிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோகிராமே போதும்; ஏனெனில், அதன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் அடங்கியுள்ளது. எனவே, உருளைக்குள் நுழையும் அதே அளவு காற்றைக் கொண்டு கூடுதலான எரிபொருளை எரிக்க முடிகிறது. இவ்வளவு சிறிய இயந்திரம் இவ்வளவு பெரிய ஆற்றலைத் தருவதன் இரகசியம் இதுவே.

ஆற்றல் தருவது எரிபொருளின் முதல் பணி. இரண்டாவது பணி, குளிர்வித்தல். மெத்தனால் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்கிறது. மூன்றாவது பணி, உயவிடுதல். பெரிய மகிழுந்துகளில் உள்ளதுபோல் இந்த இயந்திரத்தில் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளில் கலந்துள்ள எண்ணெயே தாங்கிகளையும் பிஸ்டனையும் தேய்மானத்திலிருந்து காக்கிறது. எரியாத எண்ணெய், வெண்மை கலந்த நீலப் புகையாக வெளியேறுகிறது. ஆகவே, புகை என்பது கழிவு மட்டுமன்று. உள்ளே எண்ணெய் சென்று சேர்கிறது என்பதற்கான சான்றுமாகும்.

தீப்பொறி இல்லாமல் தீ

பெட்ரோல் இயந்திரத்தில் உரிய நேரத்தில் மின்பொறி தோன்றி எரிபொருளைப் பற்ற வைக்கும். நைட்ரோ இயந்திரத்தில் மின்பொறி இல்லை. அதற்குப் பதிலாக, பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட குளோ பிளக் ஒன்று உருளையின் தலைப்பகுதியில் இருக்கும். தொடக்கத்தில் ஒரு சிறிய மின்கலத்தால் இச்சுருளைச் சிவக்கச் செய்வர். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நிகழும் வேதிவினையும் சுருளைத் தொடர்ந்து ஒளிரச் செய்கின்றன.

எரிபொருள் எப்போது தீப்பற்ற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த இங்கே தனிக்கருவி கிடையாது. வெப்பமும் அழுத்தமுமே அதை முடிவு செய்கின்றன. இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு வெகு முன்னரே தீப்பற்றிவிடும். அதனால் வெப்பம் மேலும் கூடும். சுருள் நெளியும் அல்லது அறுந்துபோகும்.

திருகை எப்படித் திருப்புவது?

எரிபொருளும் காற்றும் கலக்குமிடம் கார்பரேட்டர். அதில் முக்கியமான திருகுகள் மூன்று. முதலாவது, இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, குறைந்த வேகத்தின்போது அதே பணியைச் செய்கிறது. மூன்றாவது, மகிழுந்து நிற்கும்போது இயந்திரம் எவ்வளவு மெதுவாகச் சுழல வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. முதல் இரண்டு திருகுகளை வலஞ்சுழியாகத் திருப்பினால் எரிபொருள் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும்.

எரிபொருள் மிகுந்த கலவையைச் செறிந்த கலவை என்றும், குறைந்த கலவையை மெலிந்த கலவை என்றும் கூறலாம். கலவை செறிந்திருந்தால் மகிழுந்து தயங்கித் தயங்கி வேகமெடுக்கும். புகை அடர்த்தியாக வரும். புகைபோக்கியிலிருந்து எண்ணெய் சொட்டும். கலவை மெலிய மெலிய ஓசை கூர்மையாகும்; வேகம் கூடும்; புகை மெலியும். கேட்பவருக்கு அந்த ஓசை இனிமையாகவே இருக்கும். அதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இயந்திரம் மிக வேகமாக ஓடும் நிலைக்கும், எண்ணெயின்றித் தேய்ந்து அழியும் நிலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. எரிபொருளைக் குறைக்கும்போது ஆற்றலுக்குரிய பொருள் மட்டுமா குறைகிறது? குளிர்விப்பதும் காப்பதும் சேர்ந்தே குறைகின்றன.

எனவே, அனுபவம் மிக்கவர்கள் செறிந்த கலவையிலிருந்தே தொடங்குவர். இயந்திரம் நன்கு சூடான பிறகு, முதலில் முழு வேகத் திருகையும் பின்னர்க் குறைந்த வேகத் திருகையும் சரிசெய்வர். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டுமே, அதுவும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் திருப்புவர். பிறகு, மகிழுந்தை ஓரிரு சுற்று ஓட்டி மாற்றத்தைக் கவனிப்பர். முழு வேகத்திலும் மெல்லிய புகைக்கோடு தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வர். பேராசை பெருநட்டம் என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

கண்ணும் காதும் தரும் தகவலை வேறு இரு வழிகளில் உறுதிப்படுத்தலாம். குளோ பிளக்கை ஒட்டிய பகுதியின் வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பது ஒன்று. பெரும்பாலும் அது 100 முதல் 125 பாகை செல்சியசுக்குள் இருக்கும். மகிழுந்து நிற்கும்போது எரிபொருள் குழாயை விரல்களால் அழுத்திப் பிடிப்பது மற்றொன்று. இயந்திரத்தின் வேகம் சற்றே உயர்ந்து, சில நொடிகளில் அது நின்றால் குறைந்த வேகக் கலவை சரியாக உள்ளது எனலாம். உடனே நின்றால் கலவை மெலிந்துள்ளது. நெடுநேரம் ஓடினால் செறிந்துள்ளது.

வானிலையும் கலவையும்

நேற்றுப் பொருத்தமாக இருந்த அளவு இன்றும் பொருந்தும் என்று கூற முடியாது. காற்று சூடாகவும் ஈரப்பதம் மிகுந்தும் இருந்தால், அதில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். கொளுத்தும் நண்பகலில் சரிசெய்யப்பட்ட இயந்திரத்தை, மழை பெய்து குளிர்ந்த மாலையில் அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? காற்றில் ஆக்சிஜன் கூடியிருப்பதால் கலவை தானாகவே மெலிந்துவிடும். அவ்வேளையில் திருகைச் சிறிதளவு திறந்து எரிபொருளைக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில் இது மிகவும் தேவையான பழக்கமாகும்.

பிறந்த குழந்தையைப் போல

பெரும்பாலான நைட்ரோ இயந்திரங்களின் பிஸ்டனில் வளையங்கள் இல்லை. உருளை மேல்நோக்கிச் செல்லச் செல்லச் சற்றுக் குறுகலாக வடிவமைக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகிக்கொள்ளும். சூடானதும் உருளை விரிந்து, தேவையான இடைவெளி உண்டாகும். ஆகையால், புதிய இயந்திரத்தைத் தொடக்குவதற்கு முன் தலைமுடி உலர்த்தியால் சூடாக்குவது நல்லது. முதல் சில தொட்டி எரிபொருளையும் செறிந்த கலவையில், முழு வேகத்தைத் தவிர்த்து ஓட்ட வேண்டும். இடையிடையே இயந்திரத்தை ஆறவிட வேண்டும். ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்குமாறு சுழற்சக்கரத்தைத் திருப்பி வைத்தால், குளிர்ந்து சுருங்கும் உருளை அதை இறுக்காது.

ஓட்டம் முடிந்த பின்பு

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. எஞ்சிய எரிபொருளை உள்ளேயே விட்டுவைத்தால் தாங்கிகள் துருப்பிடிக்கும். எனவே, அன்றைய ஓட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, குழாயில் எஞ்சிய எரிபொருளையும் எரித்துத் தீர்க்க வேண்டும். பின்னர், இதற்கென்றே விற்கப்படும் பாதுகாப்பு எண்ணெயைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். எரிபொருள் புட்டியையும் இறுக மூடி, வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

காற்று வடிகட்டியும் கவனிப்புக்குரியது. எண்ணெய் தோய்ந்த பஞ்சு நுரை, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வடிகட்டியைக் கடந்து நுண்மணல் உள்ளே சென்றால், பிஸ்டனையும் உருளையையும் அது உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். ஆகவே, நுரையைச் சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி, மீண்டும் எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

இவை அனைத்திற்கும் மேலாகப் பாதுகாப்பு முக்கியம். மெத்தனால் நச்சுத்தன்மை கொண்டது. விழுங்கினால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆதலால், கையுறை அணிந்து, திறந்த வெளியில், பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே எரிபொருளைக் கையாள வேண்டும்.

நைட்ரோ இயந்திரம் தன் நிலையை ஓசையாலும் வெப்பத்தாலும் புகையாலும் ஓயாமல் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. திருகைத் திருப்ப எவராலும் முடியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே திறன். பின்னால் நீளும் அந்த மெல்லிய புகைக்கோட்டைக் காப்பவரின் மகிழுந்தே நீண்ட நாள் ஓடும்.