வயல் வரம்பும் துவராடையும்

காலபோக விதைப்பை முடித்துவிட்டு வரம்பில் குந்தியிருக்கும் முரசுமோட்டைக் கமக்காரர் ஒருவரிடம் போய், "அண்ணை, மண்ணைப் பேணுவது பற்றிப் பௌத்தம் என்ன சொல்லுது?" என்று கேட்டால் அவர் என்ன விடை தருவார்? பெரும்பாலும் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?" என்றே திருப்பிக் கேட்பார்.

அவர் கேட்பது நியாயமே. 1996இல் ஒரு தடவையும், 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இன்னொரு தடவையும் எமது மக்கள் வீடு, வயல், மாடு, விதைநெல் யாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். தறப்பாளின் கீழ் வாழ்ந்து திரும்பியவர்கள் உடைந்த வாய்க்கால்களையும் பற்றை மூடிய வயல்களையும் கண்டார்கள். போருக்குப் பின்னர் குருந்தூர்மலை போன்ற இடங்களில் விகாரைகளைச் சுற்றிக் காணிப் பிணக்குகள் எழுந்தன. இவற்றையெல்லாம் பட்டறிந்த ஒருவருக்குக் காவியுடை கண்ணிற் பட்டதும் மண்ணைப் பேணும் போதனை நினைவுக்கு வராது. காணி பறிபோகுமோ என்ற அச்சமே வரும்.

அப்படியிருக்க, ஒரு திருச்சபை ஏட்டில் இதை நாம் ஏன் எழுதுகிறோம்? ஒரு சமயத்தின் போதனை வேறு, அதன் பெயரால் நடத்தப்படும் அதிகாரம் வேறு. இரண்டையும் பிரித்தறிந்தால் அப்போதனை எமக்கும் கைகொடுக்கும். அத்துடன், பௌத்தம் தமிழுக்கு அந்நியமானதும் அன்று. தமிழின் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை பௌத்தக் காப்பியம். பசித்தவருக்கு உணவிடும் அமுதசுரபி என்னும் பாத்திரத்தை அது எமக்குத் தந்தது. காஞ்சிபுரமும் நாகபட்டினமும் ஒரு காலத்தில் பௌத்தம் தழைத்த தமிழ் ஊர்களாக இருந்தன.

வயலைப் பார்த்துத் தைத்த ஆடை

பிக்குமாரின் துவராடை ஒரே துணியால் ஆனதல்ல, பல துண்டுகளை இணைத்துத் தைத்தது. இதற்கு ஒரு கதை உண்டு. பிக்குமாரின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்களின்படி, மகத நாட்டில் நடந்து சென்ற புத்தர், வரம்பு கட்டிப் பாத்தி பாத்தியாகக் கிடந்த வயல்களைக் கண்டார். அந்த அமைப்பில் ஆடை தைக்க முடியுமா என்று தமது சீடர் ஆனந்தரிடம் கேட்டார். ஆனந்தரும் அவ்வாறே தைத்துக் கொடுத்தார். இன்றும் துவராடையின் தையல் வயல் வரம்புகளின் அமைப்பையே காட்டுகிறது. எமது வரம்பு தோளில் ஏறிய ஆடை அது என்பதை அதை உடுத்துவோரும் பார்ப்போரும் நினைவிற் கொண்டால் நல்லது.

மாரிகாலத்தில் பிக்குமார் ஓரிடத்தில் தங்கும் 'வஸ்' வழக்கமும் இப்படிப் பிறந்ததே. மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரிந்த பிக்குமார் இளம் பயிர்களையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கிறார்கள் என்று மக்கள் முறையிட்டனர். அதன் பின்னரே மாரியில் பயணம் வேண்டாம் என்ற விதி வந்தது. மக்கள் முறையிட்டார்கள், துறவிகள் தம் நடையை மாற்றிக் கொண்டார்கள். இந்த வரிசையை நாம் மறந்துவிடலாகாது.

பிக்குமார் செடிகொடிகளை வெட்டக்கூடாது, நிலத்தைத் தோண்டக்கூடாது, நீரில் துப்பக்கூடாது என்றும் விதிகள் உண்டு. ஆயினும் நிலத்தைத் தோண்டாமல் கமம் செய்ய முடியாது. ஆகவே அவ்விதி துறவிகளுக்கு மட்டுமே இடப்பட்டது. உழவரிடம் கேட்கப்படுவது வேறு: தேவைக்கு எடு, பேராசைக்கு எடுக்காதே.

ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று

எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகின்றன, தனித்து நிற்பது எதுவுமில்லை என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கொள்கை. தமிழில் இதனைச் 'சார்பில் தோற்றம்' என்பர். இதை விளங்கிக் கொள்ள முரசுமோட்டையாருக்கு நூல் தேவையில்லை, கனகராயன் ஆறு போதும். வவுனியா மாவட்டத்தில் தொடங்கும் அந்த ஆறு முல்லைத்தீவு மாவட்டக் காடுகளினூடாக வந்து இரணைமடுவில் தேங்குகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியே எமது வயல்களுக்குப் பாய்கிறது. எஞ்சிய நீர் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. மேலே காடு அழிந்தால் மண் அரித்துவந்து குளத்தில் படியும். குளம் தூர்ந்தால் சிறுபோகம் சுருங்கும். ஆற்றுப் படுகையில் அளவின்றி மணல் அள்ளினால் கரை இடியும், அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும், கடலோரப் பக்கத்தில் உவர் உள்ளே ஏறும். 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளக்காடானது. எங்கோ பெய்த மழை எமது அடுப்படிக்கு வந்தது.

நீரா, இரத்தமா?

புத்தர் காலத்துத் தண்ணீர்ச் சண்டை ஒன்றைப் பௌத்த உரைநூல்கள் கூறுகின்றன. ரோகிணி ஆற்றின் இரு கரைகளிலும் சாக்கியரும் கோலியரும் வாழ்ந்தனர். இரு தரப்பினரும் உறவினர். ஒரே அணையின் நீரையே இரு பக்கமும் பாய்ச்சி வந்தனர். ஒரு கோடையில் நீர் வற்றியது. "இருக்கும் நீர் ஒரு பக்கத்துக்கே காணும், அதை எமக்கு விடுங்கள்" என்று இரு பக்கத்து வேலையாட்களும் கேட்டனர். பேச்சு வசையாகி, வசை கைகலப்பாகியது. ஈற்றில் அரச குலத்தவர் ஆயுதங்களோடு வந்து நின்றனர்.

புத்தர் அங்கு சென்று, எதற்காகச் சண்டை என்று கேட்டார். மேலிடத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஒருவர் மற்றவரைக் காட்ட, கேள்வி படிப்படியாகக் கீழிறங்கி வயல் வேலையாட்களிடம் வந்து சேர்ந்தது. அவர்களே "தண்ணீருக்காக" என்றனர். தண்ணீரின் பெறுமதி என்ன, மனித உயிரின் பெறுமதி என்ன என்று புத்தர் கேட்க, ஆயுதங்கள் தாழ்ந்தன.

ஆயுதம் ஏந்தி நின்றவர்களுக்குக் காரணம் தெரியவில்லை, மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. போரைக் கண்ட எமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

எம்மிடமும் ஒரு ரோகிணி இருந்தது. இரணைமடு நீரைக் குடிநீருக்காக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதி ஒதுக்கியது. சிறுபோகம் பறிபோகும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். மறுபுறம், யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பல உவராகியும் உரக் கழிவால் மாசடைந்தும் இருந்தன என்பதும் உண்மை. கேட்டவர்களும் எமது உறவினரே. ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் மாற்று வழி தேடப்பட்டு, தாளையடியில் அமைந்த நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது. அதன் செலவும், கடலுக்கு அதனால் வரும் விளைவும் தனியே ஆராய வேண்டியவை. ஆனால் கமக்காரரின் குரல் கேட்கப்பட்டதால் ஒரு மாற்று வழி தேடப்பட்டது என்பது உறுதி.

உரிமையாளரா, காவலரா?

மகிந்த தேரர் இலங்கைக்கு வந்து மிகிந்தலையில் தேவநம்பிய தீசனைச் சந்தித்தபோது அம்மன்னன் மான் வேட்டையில் இருந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. இந்த நிலத்தில் விலங்குக்கும் பறவைக்கும் உனக்குள்ள அளவு உரிமை உண்டு, நீ இதன் உரிமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்று தேரர் போதித்ததாக மரபு. பழங்கதை என்று ஒதுக்கத் தேவையில்லை. எமது காலத்தில் இக்கருத்து நீதிமன்றம் ஏறியது.

1997இல் டான்யூப் நதியில் அணை கட்டுவது தொடர்பாக ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான வழக்கு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றில் தீர்க்கப்பட்டது. அங்கு நீதிபதியாக இருந்த இலங்கையர் சி. ஜி. வீரமந்திரி, தமது தனித் தீர்ப்பில் இலங்கையின் பழைய குளங்களையும் இந்தப் போதனையையும் எடுத்துக் காட்டினார்.

மூன்று ஆண்டுகளின் பின் அது எமது அயல் மாவட்டத்து உழவருக்கே உதவியது. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவல என்ற ஊரில் பொசுபேற்றுப் படிவு உண்டு. அதனை அகழ்ந்தெடுக்க வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்ய அரசு முற்பட்டது. அதனால் சுமார் 2,600 குடும்பங்கள் நிரந்தரமாக இடம்பெயர நேரும் என முறையிடப்பட்டது. கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பழைய ஜயகங்கைக் கால்வாய்க்கும் ஆபத்து இருந்தது. அவ்வூர்க் கமக்காரரும் ஒரு விகாரையின் தலைமைப் பிக்குவுமாக எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஆனியில் நீதியரசர் அமரசிங்க தீர்ப்பளித்தார். இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காவல் செய்ய வேண்டும், முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றி ஒப்பந்தத்தைச் செய்யலாகாது என்பது அதன் சாரம். உழவரின் அடிப்படை உரிமைகள் மீறப்படவிருந்தன என்றும் மன்று ஏற்றுக்கொண்டது.

அங்கே துவராடை உழவரின் பக்கம் நின்றது. தாய்லாந்திலும் அவ்வாறே. 1988இல் காடழிந்த மலைச்சரிவுகளிலிருந்து வெள்ளமும் மண்ணும் பாய்ந்து தென்பகுதி ஊர்களை அழித்தன. மறு ஆண்டு அந்நாட்டில் காட்டு மரம் தறிப்பது தடை செய்யப்பட்டது. அக்காலந்தொட்டு அங்குள்ள சில பிக்குமார் காட்டு மரங்களுக்குத் துவராடை சுற்றி, துறவு பூண்டவராக அவற்றை மதிக்கும்படி கேட்டனர். துவராடை சுற்றிய மரத்தில் கோடரி வைக்க எவரும் தயங்குவர். ஆடை ஒன்றுதான். காட்டைக் காக்கவும் அதைச் சுற்றலாம், காணியைப் பிடிக்கவும் அதைக் காட்டலாம். எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பது எமது உரிமை மட்டுமல்ல, அப்போதனைக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

திணித்தால் நல்லதும் கெடும்

2021 சித்திரை, வைகாசி மாதங்களில் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் நாட்டில் திடீரெனத் தடை வந்தது. நச்சற்ற உணவு என்ற நோக்கம் நல்லதே. ஆனால் மாற்றுப் பசளையும் இல்லை, பழக அவகாசமும் இல்லை. கமக்காரரை எவரும் கேட்கவுமில்லை. கார்த்திகையில் தடை நீங்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் வெகுவாக வீழ்ந்தது. புத்தர் காட்டியது நடுவழி. மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் நடுவழி அல்ல, ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதும் நடுவழி அல்ல.

எமது கைக்கு எட்டியவை

நடுவழியில் இன்றே தொடங்கக்கூடிய சில வேலைகளைக் கூறுகிறோம்.

சூடடித்தபின் வைக்கோலை எரிக்காமல் வயலில் பரவி உழுதுவிடுவோம். நெற்பயிர் எடுத்த சாம்பற்சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உண்டு. வேலிகளில் சீமைக்கிளுவை நட்டு அதன் குழையை வயலில் தாழ்ப்போம். அது தழைச்சத்தைத் தரும். இரசாயனப் பசளையைப் போகத்துக்குப் போகம் சிறிது சிறிதாகக் குறைத்து, விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலில் ஒரு பாத்தியிற் செய்து பார்த்தால் நட்டம் பெரிதாகாது.

வறண்ட வலயத்துச் சிங்களக் கிராமங்களில் குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே மரஞ்செடிகள் நிறைந்த ஒரு துண்டு நிலம் விடப்படும். கசிந்து வரும் நீரின் உவரை அது தடுக்கும். வயலின் ஒரு மூலையைப் பறவைகளுக்கென விடும் வழக்கமும் அங்கு உண்டு. தொடர்குளங்களோடு கூடிய அக்கிராம முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. வவுனியா, முல்லைத்தீவுச் சிறுகுளங்களும் அதே வகைத் தொடர்களே. எமது பெற்றோரும் குளத்தின் மேற்புறக் காட்டில் கை வைக்கவில்லை. அந்த அறிவை மீட்டெடுப்போம்.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்வோம், பெண்களும் பேசுவோம். தலைவாய்க்காலில் இருப்பவர் கடைமடையில் இருப்பவரை நினைத்து நீரை விடட்டும். மணல் ஏற்றிச் செல்லும் டிப்பருக்கு எமது காணியால் வழிவிடாதிருப்போம்.

கையில் தரப்பட்ட மண்

இவற்றை எழுதும் நாம் குற்றமற்றவர்கள் அல்லர். நிலத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே மனிதன் வைக்கப்பட்டான் என்று எமது விவிலியமும் தொடக்கத்திலேயே கூறுகிறது. நாம் முன்னதைச் செய்து பின்னதை மறந்தோம். 2015 தையில் மடுத்திருத்தலத்துக்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டு வைகாசியில் எழுதிய சுற்றுமடலில் பூமியைப் பொது இல்லம் என்று அழைத்து இதையே நினைவூட்டினார்.

எதுவும் நிலையில்லை என்று பௌத்தம் போதிக்கிறது. அதை நாம் தறப்பாளின் கீழ் கற்றோம். ஆனால் நிலையாமையைக் காட்டி, "ஆகவே உன் காணியை மறந்துவிடு" என்று எவராவது கூறினால் அது போதனை அன்று. காவலனாக இரு என்பதன் பொருள் கைவிட்டுப் போ என்பதல்ல. மண்ணையும் நீரையும் பேணி வருபவரின் சொல்லுக்கு மன்றிலும் கூட்டத்திலும் நிறை உண்டு என்பதை எப்பாவல உழவர் காட்டினர். இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அவர்கள் இன்று இருக்கும் இடத்தில் நடும் ஒரு பனங்கொட்டையும் வீணாகாது. அது அந்த நிலத்துக்குச் செய்யும் காவல். தமது நிலத்தைக் கேட்கும் உரிமையை அது ஒருபோதும் குறைக்காது.