உடன் செல்வோர் கடமை

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ரோக் மாண்டவில் மருத்துவமனையில், லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் உடல் ஊனமுற்ற 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடாத்தினார். அதுவே 1960இல் உரோமாபுரியில் உலகப் போட்டியாக வளர்ந்து, பின்னாளிற் பராலிம்பிக் எனப் பெயர்பெற்றது. 2021இல் தோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, இலங்கைக்கு முதற் பராலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் தினேஷ் பிரியந்த ஹேரத்.

சரவணையிலிருந்து ஒரு வீரர் பண்ணைப் பாலங் கடந்து இத்தகைய போட்டிக்குப் புறப்படுவாராயின், உடன் செல்பவர் அறிய வேண்டுவது யாது? பார்வையற்றவரோடு ஓடும் வழிகாட்டி, ஒரு சிறு கயிற்றால் அவருடன் இணைந்திருப்பார். அவரை இழுத்தலும் தள்ளலும் ஆகா. எல்லைக் கோட்டை அவருக்கு முன்னர்த் தாண்டுதலும் ஆகாது. வெற்றி கிட்டின் பதக்கம் இருவர்க்கும் உண்டு. பொச்சியா என்னும் ஆட்டத்திலே, பந்தைக் கையால் எறிய இயலாதவருக்குச் சறுக்குப் பலகையைத் திருப்பி வைக்கும் துணைவர், களத்துக்கு முதுகு காட்டியே இருத்தல் வேண்டும். திரும்பிப் பார்த்தல் குற்றம். பந்தை எத்திசையில் உருட்டுவதென்பதை ஆட்டக்காரரே தீர்மானிப்பார்.

உதவுதல் வேறு, ஒருவர் செயலைத் தாமே கைக்கொள்ளுதல் வேறு. வீட்டிலே ஊனமுற்ற பிள்ளையின் வேலையை அன்பு மிகுதியால் நாமே செய்துவிடுகின்றோம். களத்திலோ வீரர் வெல்லவும் உரியவர், தோற்கவும் உரியவர். அவ்வுரிமையைக் காத்து நிற்பதே துணைவர் கடன்.