மிதிவெடி நிலமும் மாற்றுக் காலும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் ஆகிய ஊர்களைக் கடந்து முகமாலையை அடைவர். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் பல்லாண்டு காலம் அவ்விடத்தில் வீதியின் இருமருங்கும் தலையிழந்த தென்னைகளும் பனைகளும் நின்றன. அவற்றினிடையே மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகளும், வண்ணம் பூசிய சிறு தடிகளும், முகக்கவசம் அணிந்து நிலத்தோடு குனிந்து மண்ணை மெல்ல மெல்ல வாரும் பெண்களும் காணப்பட்டனர். கொழும்புக்குப் போகும் பேருந்தின் சாளரத்தூடே இக்காட்சியைக் கண்ட நம் பழைய மாணவருட் பலர், "கண்ணிவெடி எடுக்கிறார்கள்" என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிவிட்டு உறங்கிப்போயிருப்பர். நாமும் அவ்வாறு உறங்கியவர்களே. அந்நிலத்தில் நிகழ்ந்தது யாது, அதற்குப் பொருள் ஈந்தோர் யாவர், அப்பொருள் நின்றபின் நம்மிடம் எஞ்சுவது யாது என்பவற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டார் உதவி நம் குடாநாட்டுக்குப் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்ததும், அதன்பொருட்டுத் தமிழில் மருத்துவ நூல்கள் ஆக்கியதும் நம்மவர் நன்கறிந்த செய்திகள். போர்க்காலத்தில், 1986 முதல் 2003 வரை, பிரான்சிலே தோன்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பினர் இந்நாட்டிற் பணியாற்றினர். மந்திகை வைத்தியசாலையில் அவர்களுடைய சத்திரவைத்தியர்கள் செய்த சேவையை வடமராட்சியார் மறவார். எனினும் இவ்விரு உதவிகளும் ஒரு தன்மையன அல்ல. கிறீன் ஊர் திரும்பிய பின்னும் அவர் மாணாக்கர் இங்கே வைத்தியம் செய்தனர். போர்முனைச் சத்திரவைத்தியரோ உயிரைக் காத்தார். அவர் போனபோது அவர் கைத்திறனும் அவருடன் போயிற்று. இது குறையன்று, அவசர உதவியின் இயல்பு. ஆயின் நிலைபெறும் உதவியை இதனின்றும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

நிற்க. மிதிவெடியைப் பற்றிச் சிறிது கூறுவாம். 2000 ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்த பின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களை இணைக்கும் கோடு போர்முனை ஆயிற்று. கடனீரேரியிலிருந்து கீழைக் கடல் வரை குடாநாட்டின் கழுத்தைக் குறுக்காக அறுத்த கோடு அது. முகமாலை நிருவாகத்தாற் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததெனினும் நிலத்தாற் குடாநாட்டின் பகுதியே. 2009 ஜனவரி வரை இருதரப்பாரும் அவ்விடத்தே வெடிகளைப் புதைத்தனர். பழைய வரிசையின்மேற் புதிய வரிசை புதைத்தனர். மழை மண்ணை அரித்து ஒன்றன் இடத்தை மற்றொன்றுக்கு மாற்றியது. உலகில் மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாக முகமாலை எண்ணப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆளைக் குறிவைக்கும் இவ்வெடிகள் சிலவற்றின் மருந்து ஐம்பது கிராம் அளவே. கைக்குள் அடங்கும் சிறு பிளாத்திக்குச் சிமிழ் அது. ஒரு பிள்ளையின் பாதம் அழுத்தும் பாரமே அதற்குப் போதும். கொல்லுதல் அதன் முதல் நோக்கமன்று. காலை அழித்து, வீழ்ந்தவனைத் தூக்க இருவரைப் போர்முனையினின்றும் அகற்றுதலே அதனை ஆக்கியோர் கருத்து. வெடிக்கும்போது மண்ணும் எலும்புத் துண்டும் செருப்பின் சிதறலும் தசையினூடு மேனோக்கிப் பாய்கின்றன. ஆதலாற் பாதம் மாத்திரம் சிதைந்தாலும் சத்திரவைத்தியர் முழங்காலுக்குக் கீழோ, சிலவேளை மேலோ, நல்ல தசை காணும் இடத்தில் வெட்டவேண்டியவர் ஆகின்றார். முழங்கால் எஞ்சியவனுக்கும் எஞ்சாதவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னவன் சைக்கிள் மிதிப்பான். பின்னவனுக்கு ஒவ்வோர் அடியும் ஒரு முயற்சி.

இவ்வெடிகளை அகற்றும் பணிக்கு ஐரோப்பா 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு வந்தது. பிரித்தானியாவின் ஹலோ நிறுவனம் அவ்வாண்டிலேயே இங்கு வேலை தொடங்கிற்று. நோர்வே மக்கள் உதவி அமைப்பும் டென்மார்க்கின் குழுவும் அக்காலத்தில் வடபகுதியிற் பணிசெய்தன. ஐரோப்பிய அரசுகள் மட்டுமே பொருள் தந்தன என்று கூறுதல் பிழையாகும். அமெரிக்காவும் யப்பானும் பெருந்தொகை ஈந்தன. இலங்கை இராணுவத்தின் பொறியியற் பிரிவும் பெரும்பரப்பைத் துப்புரவு செய்தது. டாஷ், ஷார்ப் எனும் உள்நாட்டு அமைப்புகளும் பின்னர் எழுந்தன. ஆயினும் நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை ஆறு கிழமை பயிற்றினால் அவள் இவ்வேலையைப் பிழையின்றிச் செய்வாள் என்னும் நம்பிக்கையை முதலில் இங்கு நிலைநாட்டியவர்கள் இந்த ஐரோப்பிய அமைப்பினரே என்பது நம் கருத்து.

வேலை நடக்கும் முறையும் அறியத்தக்கது. உலோகங்காட்டும் கருவி இங்கே பலவிடங்களிற் பயன்படாது; வெடியில் உலோகம் மிகக் குறைவு, மண்ணிலோ செல் துண்டுகள் மிகப் பல. கருவி ஓயாது ஒலித்தபடி இருக்கும். ஆகவே நோர்வே அமைப்பினர் நம் வளவுகளிற் குப்பை வாரும் வாரியைப் போன்ற, நீண்ட பிடியுள்ள வாரிகளைக் கொண்டு மண்ணைக் குறித்த ஆழம் வரை படிப்படியாக வாரி எடுக்கும் முறையை இலங்கையிலே வகுத்தனர். கெட்டி மண்ணுக்குக் கனத்த வாரி. இளகிய மண்ணுக்கு மெல்லிய வாரி. வன்னியிலும் குடாநாட்டிலும் உள்ள மணற்பாங்கான நிலத்துக்கு இம்முறை நன்கு பொருந்திற்று. பெருஞ்செலவுடைய பொறிகளை எதிர்பார்க்கும் நம் மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம். கமக்காரன் வீட்டு வாரியே உலகின் மிகக் கொடிய நிலங்களுள் ஒன்றைத் திறந்தது.

வாரி பிடித்தவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களுட் பலர் போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்கியவர்கள். மாதந்தோறும் தவறாத சம்பளம், சேமலாப நிதி, காப்புறுதி என்பன 2009 க்குப் பிந்திய வடபகுதியில் எளிதிற் கிட்டாதவை. வெயிலில் கனத்த கவசத்துடன் நாளொன்றுக்குச் சில சதுர மீற்றர் நிலத்தை வாரிப் பெற்ற அச்சம்பளத்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். அப்பிள்ளைகளிற் சிலர் நம் கல்லூரி வகுப்புகளிலும் இருந்திருப்பர். அவர்களிடம் தாயின் தொழிலைக் கேட்டறிந்த ஆசிரியர் எத்தனை பேரோ!

இனி மாற்றுக் காலைப் பற்றிப் பேசுவாம். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் இதற்குரிய இடம். ஜெய்ப்பூர்க் கால் ஐரோப்பாவின் ஆக்கமன்று. 1960 களின் இறுதியில், இராசத்தானத்து ஜெய்ப்பூர் நகரிலே, ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் எலும்பு வைத்தியரும் இணைந்து அதனை உருவாக்கினர். ஐரோப்பியக் கால் சப்பாத்துக்குள் மறைந்திருக்கும்படி செய்யப்பட்டது. அதனை அணிந்தவன் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் நிலை தடுமாறுவான். சம்மணங்கொட்டி இருக்கவும் குந்தவும் இயலாது. வயற்சேற்றில் இறங்கினால் கால் பழுதாகும். ஜெய்ப்பூர்ப் பாதமோ இறப்பரினால் நிறத்திலும் வடிவிலும் பாதம் போலவே வார்க்கப்பட்டு, வெறுங்காலாக நடப்பதற்கு அமைந்தது. நல்லூர்த் திருவிழாவில் வெண்மணலில் நடப்பவனுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விந்தியக் கலைக்கு ஐரோப்பா துணைசெய்த விதமே நாம் கருதத்தக்கது. ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், வேறு நாடுகளில் போரினாற் காலிழந்தோரிடையே பழகித் தேர்ந்த பொலிப்புரொப்பிலீன் தகட்டு முறையை இங்கு கொணர்ந்தது. தகட்டை அடுப்பிற் சூடேற்றி, எஞ்சிய காலின் அச்சின்மேற் போர்த்தி, காற்றை உறிஞ்சி இறுகச் செய்வர். கால் இலேசாகும், விலை குறையும், பழுதானால் உள்ளூரிலேயே திருத்தலாம். பொருளும் பயிற்சியும் சங்கம் தந்தது; வேலை செய்த கைகள் யாழ்ப்பாணத்தார் கைகள். கால் செய்யும் அக்கைவினைஞரிடையே தாமே காலிழந்தவரும் உளர். புதிதாகக் கால் பொருத்த வரும் இளைஞன் அழும்போது, கைவினைஞர் தம் காற்சட்டையின் ஓரத்தைச் சிறிது உயர்த்திக் காட்டினால் அதனினும் பெரிய தேறுதல் வேறு வேண்டுமோ? 2011 இல் சங்கத்தின் யாழ்ப்பாண அலுவலகம் மூடப்பட்டது. நிலையம் மூடப்படவில்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் நன்று. நிலத்தை ஒருமுறை துப்புரவாக்கினாற் போதும். காலை ஒருமுறை கொடுத்தாற் போதாது. வளர்ந்தவருக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வேண்டியிருக்கும். பத்து வயதிற் காலிழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் இருபத்தைந்து கால்கள் வரை தேவைப்படலாம் என்று செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒருகாற் கணித்தனர். 2000 ஆம் ஆண்டளவில் அப்பிராயத்தில் இருந்த பிள்ளை இன்று முப்பதைக் கடந்தவர். அவருக்கு இன்னும் பத்துக் கால்களேனும் வேண்டும். உதவி செய்வோர் பெரும்பாலும் முடியும் வேலையையே விரும்புவர். முடிந்தது என்று பலகை நாட்டித் திறப்புவிழாச் செய்யலாம் அல்லவா? முடியாத வேலைக்குத் திறப்புவிழா இல்லை.

இதனை உலகம் அறியாமல் இல்லை. 1997 செப்ரெம்பரில் ஒஸ்லோவில் ஏற்கப்பட்டு, திசெம்பரில் ஒட்டாவாவிற் கைச்சாத்திடப்பட்ட மிதிவெடித் தடை உடன்படிக்கை, வெடியைத் தடைசெய்ததோடு அமையவில்லை. உதவ வல்ல நாடுகள் வெடியினாற் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும், புனர்வாழ்வுக்கும், சமூக பொருளாதார வாழ்வில் அவர் மீளச் சேர்வதற்கும் உதவவேண்டும் என்று அதன் ஆறாம் உறுப்புரை கூறுகின்றது. காலும் தொழிலும் ஒரே வாசகத்துள் வைக்கப்பட்டிருத்தலை நோக்குக. இலங்கை 2017 திசெம்பரில் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கும் தவணை 2028 யூன் 1 ஆம் திகதி.

ஆனாற் காலம் மாறுகின்றது. 2025 இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது; அடுத்த மாதமே பிரித்தானியா தன் உதவித் தொகையை 2027 அளவில் தேசிய வருமானத்தில் 0.3 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா ஆகிய ஐந்து ஐரோப்பிய நாடுகள், உருசியாவுக்கு அஞ்சி, மிதிவெடித் தடை உடன்படிக்கையினின்றும் விலகத் தீர்மானித்தன. நம் மண்ணில் வெடி அகற்றப் பொருள் தந்த கண்டமே தன் எல்லையில் வெடி புதைக்கும் உரிமையை மீட்டெடுக்கின்றது. அந்நாட்டாரின் அச்சம் பொய்யென்று நாம் கூறவில்லை. அச்சத்தின் விலை இன்னதென்பது நமக்குத் தெரியும். அவர்களில் எவரேனும் முகமாலைக்கு வந்து பார்த்திருக்கலாம்.

வேலை குறைந்தால் வாரி பிடித்த பெண்கள் யாது செய்வர்? வெடி முழுவதும் ஒழியவேண்டும் என்று உழைத்தவர்களுக்கு, அது ஒழியும் நாளே வேலை போகும் நாள். காலிழந்தவர் நிலையும் இதனோடு ஒத்தது. அரசாங்க வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை வலுவிழந்தோர்க்கு ஒதுக்கவேண்டும் என்னும் சுற்றறிக்கை 1988 இலேயே வெளிவந்தது. அவர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996 இல் வந்தது. சட்டம் இருந்தும் நம் கந்தோர்களில் அவரை எத்தனை இடத்திற் காண்கிறோம்? படித்த வலுவிழந்தோரைப் "பாவம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு எந்த ஐரோப்பியரும் பொறுப்பாளியல்லர்.

இவற்றை எழுதும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் முறை. நம் கல்லூரிப் பெருமண்டபத்துக்கு ஏழு படிகள். எம் வகுப்புத் தோழர் ஒருவர், இடது கால் முழங்காலுக்கு மேல் இல்லாதவர், சென்ற பரிசளிப்பு விழாவுக்கு வந்து, படிகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மாமரத்தடியிலே இருந்து ஒலிபெருக்கியிற் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். அவரை நாம் தூக்கிச் செல்ல முன்வந்தோம். அவர் மறுத்தார். "தூக்கிக்கொண்டு போய் இருத்தினால், நான் விருந்தாளி. சரிவுப் பாதை போட்டால், நான் பழைய மாணவன்" என்றார்.

யூபிலி நிதியைப் பற்றிய ஆலோசனைகள் இவ்விதழ் வெளிவரும்போது செயற்குழுவின் முன் இருக்கும். வளைவு ஒன்றும் மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்றும் எழுப்பவேண்டும் என்பது பலர் விருப்பம். மண்டபத்தின் வடபுற வாயிலில் சரிவுப் பாதையும் கைபிடியும் அமைக்க வேண்டும் என்பது எம் விருப்பம். கல்லூரி அலுவலகத்தில் வெற்றிடமாகும் எழுதுவினைஞர் பதவி ஒன்றேனும் வலுவிழந்த ஒருவருக்குச் செல்லவேண்டும் என்பதும், ஆண்டுக்குப் பத்துக் கால்களின் செலவை ஜெய்ப்பூர் நிலையத்துக்கு நம் சங்கம் ஏற்கவேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தவை. இம்மூன்றையும் எழுத்திற் செயலாளரிடம் சேர்ப்பித்துள்ளோம். ஆதரிக்கும் அன்பர்கள் பொதுக்கூட்டத்துக்கு வருக. கூட்டம் இம்முறை மண்டபத்தில் அன்று, மாமரத்தடியில் நடைபெறும்.