ஐந்தெண்ணிக்கையில் ஒரு ஜாஸ்

நேயர்களே, இலக்கியப் பகுதியில் ஜாஸ் இசைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். யாப்புக் கற்றவர்கள் கேட்கமாட்டார்கள். சீரும் தளையும் ஓசைக் கணக்குத்தானே!

அந்நாளில் ஜாஸ் பெரும்பாலும் நான்கெண்ணிக்கைத் தாளத்திலேயே நடந்தது. 1958ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் அனுசரணையில் டேவ் புருபெக்கின் நால்வர் குழு ஆசிய நாடுகளுக்குப் பயணம் செய்தது, இலங்கைக்கும் வந்தது. வழியில் துருக்கித் தெருக்கலைஞர்கள் ஒன்பதெண்ணிக்கையில் வாசித்ததைக் கேட்ட புருபெக், வழக்கத்துக்கு மாறான தாளங்களிலேயே ஓர் இசைத்தட்டை அமைக்கத் துணிந்தார். 1959இல் வெளியான 'டைம் அவுட்' அதுதான். அதில் இடம்பெற்றதே 'டேக் பைவ்'.

இதைப் புருபெக்கின் ஆக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். இயற்றியவர் சக்சபோன் கலைஞர் போல் டெஸ்மண்ட். ஐந்தெண்ணிக்கையில் வாசிப்பதில் பிரியம் கொண்டவர் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ. அவருடைய தனி வாசிப்புக்கென டெஸ்மண்ட் இரண்டு மெட்டுத் துணுக்குகளைக் கொண்டுவர, அவற்றைக் கோக்கும் வழி சொன்னவர் புருபெக். ஆக, மூவர் கைபட்ட பண்டம். பெயர் மட்டும் குழுத் தலைவருக்குப் போயிற்று. நம் சினிமாப் பாடல்களிலும் இந்த அநியாயம் உண்டு.

தலைப்பே ஒரு சிலேடை. 'ஐந்து நிமிடம் ஓய்வெடு' என்பது அதன் பேச்சுவழக்குப் பொருள். தாளத்தின் ஐந்தும் அதில் ஒளிந்திருக்கிறது. காளமேகத்தை ரசிப்பவர்கள் இதையும் ரசிப்பர்.

மூன்றும் இரண்டுமாக நடக்கும் இத்தாளம் மேலைநாட்டார் காதுக்குப் புதுமை. நமக்கோ கர்நாடக இசையின் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக முன்பே பழக்கம். கண்டிப் பெரஹெரவின் மேளம் கேட்டு வளர்ந்த மடவளைக்காரருக்கும் நான்கைத் தாண்டிய தாளம் அந்நியமல்ல.

ஆனால், புதுமை மட்டும் ஒரு மெட்டை இத்தனை காலம் காப்பாற்றாது. பியானோ ஒரு சிறு துணுக்கையே விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. டிரம்ஸ் தனித்து முழங்கும்போதும் அது ஓயவில்லை. தரை உறுதியாக இருப்பதால் நாம் எண்ண வேண்டியதில்லை. அதன்மேல் சக்சபோன் அவசரமில்லாமல் உலவுகிறது.

1961இல் தனித்தட்டாகப் பெருவெற்றி கண்டது. 1977இல் காலமான டெஸ்மண்ட், தம் ஆக்கங்களின் உரிமைப்பணத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். 'டேக் பைவ்' ஈட்டிய பல மில்லியன் டொலர் அவ்வாறே அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது.